மேலிருந்து ஒன்பதாவது வரி

நிற்கச் சொல்லியாகிவிட்டது, இன்னும் நிற்கவில்லை. இரண்டு பதினைந்துக்கு என்டர் தட்டினேன், இப்போது இரண்டு பதினெட்டு. கருப்புத் திரையில் நான் அடித்த கட்டளைக்குக் கீழே ஒன்றுமே வரவில்லை, வழியில் இருக்கிற செய்தியெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் சர்வர் நிற்கும், அதுவரை இந்த ஜன்னலில் ஒரு எழுத்துகூட அடிக்க முடியாது, நான் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். அதட்டி நிறுத்தவும் வழி இருக்கிறது. கூட ஒரு வார்த்தை சேர்த்தால் கழுத்தைப் பிடித்து நிறுத்திவிடலாம். ஆனால் பாதி வழியில் இருக்கும் யாருடைய ரத்த ரிப்போர்ட்டாவது காணாமல் போகும், அதனால் அனுமதி கிடையாது. பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் மடக்கு மேசையைப் போட்டு அதற்குப் பின்னால் என்னைச் செருகிக்கொண்டிருக்கிறேன். எழுந்திருக்க வேண்டுமென்றால் முதலில் மேசையை நகர்த்த வேண்டும், மேசையை நகர்த்தினால் ஒயர் பிடுங்கிக்கொள்ளும், ஆக எழுந்திருக்க முடியாது. நானேதான் இப்படிப் போட்டுக்கொண்டேன். கதவு சாத்தியிருக்கிறது. காதில் ஹெட்செட். அழைப்பில் மூன்று பேர், மூன்று பேரும் மியூட்டில். ஹரி என் மேனேஜர், குடும்பத்தோடு திண்டிவனம் பக்கம் காரில் போய்க்கொண்டிருக்கிறார். மெகர்நிஷா மேடம் ஆஸ்பத்திரி லேபின் பொறுப்பாளர். மூன்றாவது நான், செண்பகவல்லி, ஆபீசில் வல்லி. அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று ஆரம்பத்திலேயே ஒரு இயந்திரப் பெண்குரல் சொல்லிவிட்டது, எந்த அழைப்பிலும் சொல்லும், யாரும் காதில் வாங்குவதில்லை, இன்றைக்கு நான் வாங்கிக்கொண்டேன்.

என்ன வேலை என்று மூர்த்தி கேட்டால், என் கணவர்தான், நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கிற வேலை என்பேன். ரத்தத்தைச் சோதிக்கிற இயந்திரம் ஒரு பாஷை பேசும், வார்டில் நர்ஸ் பார்க்கிற கணினி வேறொரு பாஷை பேசும். ஒன்று சொல்வதை வாங்கி மற்றதுக்குப் புரிகிற மாதிரி சொல்வதுதான் எங்கள் சர்வர். ஆறு கிளை, ஆறுக்கும் ஒரே சர்வர். அதற்குப் பட்டன் கிடையாது, படம் கிடையாது, கருப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் எதையும் மாற்றவேண்டும். இன்றைக்கு ஒவ்வொரு கிளைக்கும் காத்திருப்பு நேரத்தை முப்பது நொடியிலிருந்து நாற்பத்தைந்தாக மாற்றவேண்டும். வார்டு கணினி பதில் சொல்லும்வரை சர்வர் எத்தனை நேரம் பொறுக்கலாம் என்பதுதான் அது. நிறுத்தம் ஒன்று, ஆறு கிளைக்கு ஆறு, திரும்பக் கிளப்புவது ஒன்று, சரியாக ஓடுகிறதா என்று கேட்பது ஒன்று, ஆக ஒன்பது கட்டளை, எல்லாம் வரிசையாக ஒரு ஷீட்டில் இருக்கிறது. டிக்கெட், வேலைக்கான அனுமதி விண்ணப்பம், இருக்கிறது, அதில் மூன்று பேர் சம்மதம் இருக்கிறது, இரண்டு பதினைந்திலிருந்து இரண்டு ஐம்பத்தைந்துவரை நேரம் இருக்கிறது. அதுவரை ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைச் சீட்டில் எழுதி மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஒழுங்காக நடப்பதுதான் இப்போது எனக்குப் பயம்.

ஏனென்றால் நிறுத்துவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். வழக்கம்போல முதலில் டேட் அடித்தேன், அடித்தால் அன்றைய தேதியும் நேரமும் காட்டும், வேலை ஆரம்பிக்கும்போது ஒன்று, முடிக்கும்போது ஒன்று, பதினாலு வருடப் பழக்கம். கோயில் வாசலில் செருப்பு விடுகிற மாதிரி என்று சகாயம் கிண்டல் செய்வார், வல்லி உள்ளே போயிருக்காங்களா வெளிய வந்துட்டாங்களான்னு டேட்டைப் பார்த்தே சொல்லிடலாம் என்பார். அதற்கப்புறம் ஹிஸ்டரி அடித்தேன். அது ஷீட்டில் இல்லாத கட்டளை. இதுவரை இந்தச் சர்வரில் அடித்ததையெல்லாம் வரிசையாகக் காட்டும், எல்லாம் என்றால் கடைசி ஆயிரம். ஆயிரத்தோராவது வந்தால் முதலாவது விழுந்துவிடும். யார் அடித்தது என்று காட்டாது, நாங்கள் எல்லோரும் ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில்தான் உள்ளே போகிறோம், அது எத்தனையோ வருடமாக மாற்றவேண்டும் மாற்றவேண்டும் என்று சொல்லி மாற்றாமல் இருக்கிற ஒன்று. எந்தத் தேதியில் என்றும் காட்டாது. எது முந்தி, எது பிந்தி, அவ்வளவுதான். அந்தப் பட்டியல் இன்னும் திரையில் மேலே இருக்கிறது, மௌசை உருட்டினால் தெரியும். உருட்டுகிறேன். மேலிருந்து எட்டாவது வரி டேட். பத்தாவது வரி டேட். நடுவில் ஒன்பதாவது வரியில் தலைமைக் கிளை, காத்திருப்பு நேரம், முந்நூறு. மார்ச் மாதத்து முந்நூறு. அது அங்கே இருக்கும் என்று தெரிந்துதான் பார்த்தேன், ஒருவேளை ஏற்கெனவே விழுந்திருக்கும் என்று நினைத்தும் பார்த்தேன். இரண்டில் எது உண்மை என்று கேட்டால் இரண்டாவதுதான்.

யாரும் என்னை அதைச் செய்யச் சொல்லவில்லை. அதுதான் இப்போது நினைத்தாலும் எரிகிறது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சும்மா இருந்த கை, சர்வரின் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தலைமைக் கிளையில் தினம் நாலைந்து ரிப்போர்ட் நேரம் போதாமல் ஒருதரம் அறுந்து மறுதரம் போயிருந்தது. பாவம், கொஞ்சம் பொறுக்கட்டுமே என்று தோன்றியது. டிக்கெட் போட்டால் மூன்று நாள். இதற்கு எதுக்கு டிக்கெட். முப்பது நொடியை முந்நூறு ஆக்கினேன். சோதனை சர்வரில் இதே கட்டளையை எத்தனை முறை அடித்திருப்பேன், முந்நூறு என்றால் முந்நூறு நொடி. ஆனால் அது பழைய சர்வர், நொடியில் எண்ணும். இது புதுசு, நொடியை ஆயிரம் துண்டாக்கி அந்தத் துண்டில் எண்ணும். முப்பது நொடிக்கே இங்கே முப்பதாயிரம் என்றுதான் அடிக்கவேண்டும். எனக்குத் தெரியும். தெரியாது என்றால்கூட ஆறுதலாக இருக்கும், இதைப் பற்றி வகுப்பெடுத்தவளே நான்தான். கை அடித்துவிட்டது. கட்டளை வெற்றி என்று பதில் வந்தது. இந்தச் சர்வருக்கு எதைச் சொன்னாலும் வெற்றிதான். கட்டளை வந்து சேர்ந்தது, எழுதி வைத்துக்கொண்டேன் என்பதைத்தான் அது வெற்றி என்கிறது. எழுதி வைத்தது நடைமுறைக்கு வருவது அடுத்த தடவை நின்று கிளம்பும்போது. நான் டேட் அடித்துவிட்டு வெளியே வந்து கேன்டீனில் பஜ்ஜி சாப்பிட்டேன். அந்த முந்நூறு பத்தொன்பது நாள் அப்படியே தூங்கியது, நானும் அதை மறந்தேன்.

எழுப்பினது சகாயம். பெர்னார்ட் சகாயம், எனக்குப் பக்கத்து நாற்காலி, என்னைவிட ஆறு வயது மூத்தவர், அதே பதவி. நான் டேட் என்றால் அவர் கிளியர். ஒவ்வொரு வேலை முடிந்ததும் கிளியர் அடித்துத் திரையைத் துடைத்துவிடுவார், சாப்பிட்ட தட்டை உடனே கழுவி வைக்கிற ஆள். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றைப் புதுப்பிப்பதற்காக டிக்கெட்டோடு, அனுமதியோடு, சர்வரை நிறுத்திக் கிளப்பினார். அவ்வளவுதான் செய்தார். கிளம்பின சர்வர் கண் சிமிட்டுகிற நேரம்கூடப் பொறுக்கவில்லை, வார்டு கணினி பதில் சொல்வதற்குள் போதும் என்று ரிப்போர்ட்டைக் கீழே போட்டது. நாலு மணி நேரம். பதினாலாம் நம்பர் படுக்கையில் ஒரு பெரியவர், பொட்டாசியம் ஏறியிருந்தது, லேபில் அது தெரிந்துவிட்டது, வார்டில் தெரியவில்லை. ஐசியூவில் பதினோரு நாள் இருந்தார். பிழைத்துக்கொண்டார். பிழைத்துக்கொண்டார் என்று ஹரி சொன்ன அன்றைக்கு நான் பாத்ரூமில் போய் அழுதேன், அவருக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பெயரைக் கேட்கவில்லை. படுக்கை நம்பர் போதும் என்று இருந்தது. சகாயம் நாலு மணி நேரத்தில் முந்நூறைக் கண்டுபிடித்து முப்பதாயிரம் ஆக்கினார், எப்படி மாறுச்சுன்னு தெரியல என்று ஹரியிடம் சொன்னார். ஹரி என்னைக் கூப்பிட்டார். சர்வரில் ஏறி ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க, நீங்க பார்த்தா சரியா இருக்கும் என்றார். ஏறினேன், காத்திருப்பு நேரம் என்கிற வார்த்தையைப் போட்டு ஹிஸ்டரியில் தேடினேன், என் வரி வந்து நின்றது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழைப்பில், சகாயமும் அதில் மியூட்டில் இருக்கும்போது, சகாயம் அடிச்சதத் தவிர வேற ஒண்ணும் இல்ல ஹரி என்றேன். வேற ஒண்ணும் இல்ல. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். சகாயம் மியூட்டை எடுத்து சரி என்றார், அவ்வளவுதான், மறுபடி போட்டுக்கொண்டார்.

இரண்டு இருபத்தாறு. இன்னும் நிற்கவில்லை. ஹரி மியூட்டை எடுத்து எப்படிப் போகுது என்று கேட்டார், பின்னால் குழந்தைகள் சத்தம், வெயிட்டிங் ஹரி என்றேன், சரி என்றார். வல்லி கையில கொடுத்துட்டா நிம்மதி என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். அதற்காகத்தானே சொன்னேன் அந்தப் பொய்யை. வேலை போய்விடும் என்றா பயந்தேன், இல்லை, வேறொன்று கிடைத்திருக்கும். வல்லியா, வல்லி போய் இப்படிச் செய்வாளா என்று ஒரு அறை முழுக்கப் பேர் திரும்பிப் பார்ப்பதை நினைத்துத்தான் பயந்தேன். நொடிக்கும் அதன் துண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று. சகாயத்தை யாரும் வெளியே தள்ளவில்லை, அறிக்கையில் பெயர் வந்தது, ப்ராஜெக்டிலிருந்து எடுத்தார்கள், இரண்டு மாதம் வேறு வேலை தராமல் உட்கார வைத்தார்கள், அவராகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் வேலை என்னிடம் வந்தது. இந்த ஷீட்கூட அவர் போட்ட அச்சுத்தான், மூலையில் அவர் பெயர் இருந்ததை நான் எடுக்கவில்லை, எடுக்கக் கை வரவில்லை. கதவு கொஞ்சம் திறந்தது, மூர்த்தி மோர் டம்ளரோடு நிற்கிறார், எட்டி மேசை ஓரத்தில் வைத்தார், முகத்தைப் பார்த்தார், எதுவும் பிரச்சினையா என்று சைகையில் கேட்டார், இல்லை என்று தலையாட்டினேன். வேற ஒண்ணும் இல்ல. கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

காலையில் பத்து மணிக்குச் சகாயம் போன் செய்தார். மூன்று மாதத்தில் முதல் தடவை. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், பெயரைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். என்ன வல்லி, இன்னிக்கு ரீஸ்டார்ட்டா என்றார். அவர் போட்ட கேலண்டர்தானே, ஜூன் மூன்றாவது சனிக்கிழமை என்று அவருக்குத் தெரியாதா. ஆமாம் என்றேன். புதுக் கம்பெனி ஒன்றில் கிட்டத்தட்ட முடிந்துவிட்டதாம், திங்கட்கிழமை அங்கிருந்து ஹரிக்குப் போன் போகுமாம், ஏன் போனார், எப்படி வேலை செய்வார் என்று கேட்பார்களாம். ஹரி நல்லவர், பொய் சொல்லமாட்டார், அறிக்கையில் இருப்பதைச் சொல்வார். அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும், இரண்டு பேரும் சொல்லவில்லை. அப்புறம் கேட்டார். "ஒண்ணு கேக்கணும் வல்லி. அன்னிக்கு நான் எதாவது தப்பா அடிச்சேனா? நீங்கதானே பார்த்தீங்க." நான் என்ன சொன்னேன், பழசெல்லாம் எதுக்கு சகாயம், விடுங்க என்றேன். பெரிய மனசுக்காரி மாதிரி. மனிதர் தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார் என்று பரிதாபப்பட்டேன், அந்தப் பரிதாபத்தில் ஒரு சுகம்கூட இருந்தது. "சரி. ஷீட் பெருசா?" என்றார். ஒன்பது வரி என்றேன். ஒன்பதா, என்றார். "அப்ப சீக்கிரம் முடிஞ்சிரும்" என்று வைத்துவிட்டார். வெங்காயத்தை உரித்து முடித்தேன், கண் எரிந்தது, நல்லதாகப் போயிற்று.

ஒன்பது. திரும்பத் திரும்ப எண்ணுகிறேன், தப்பு வராதா என்று. மேலிருந்து ஒன்பதாவது வரி, ஷீட்டில் ஒன்பது கட்டளை. நிறுத்தத்திலேயே ஒன்று விழுந்துவிட்டது. ஆறு கிளைக்கு ஆறு விழும். கிளப்பும்போது என் முதல் டேட் விழும். ஓடுகிறதா என்று கேட்கும்போது முந்நூறு விழும். நான் ஒரு தப்பும் செய்யவேண்டாம், எதையும் அழிக்கவேண்டாம், என் வேலையைச் செய்தால் போதும், ஒழுங்காக, ஷீட்டில் இருக்கிறபடி, அது தானே போய்விடும். இப்படி ஒரு பொறியை யாராவது வேண்டுமென்றே வைக்க முடியுமா. செய்யாமல் இருக்கவும் முடியாது, ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறார்கள், சர்வரைக் கிளப்பியாகவேண்டும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும், தோன்றியதுதான், மார்ச்சிலேயே எடுத்தேன். நாலு நாள் போனில் வைத்திருந்தேன், நாலாவது நாள் அழித்தேன், அழித்ததற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன், மூர்த்தி பார்த்தால் என்ன என்று கேட்பாரே என்று. என் கையில் இருக்கும் எதுவும் என்னிடமிருந்து தப்பிக்காது. சர்வரின் பதிவேடு முப்பது நாளுக்குமேல் இருக்காது, அது எப்போதோ போயிற்று. ஹிஸ்டரி ஒன்றுதான் மிச்சம், அதுவும் இன்னும் எட்டு என்டர். திங்கட்கிழமை ஹரியிடம் போய்ச் சொன்னால் வெறும் வாய்ப்பேச்சு, நட்புக்காகப் பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்றுகூட நினைப்பார், நினைத்தால் நான் மறுக்கமாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். அதைவிட எளிது, திங்கட்கிழமை வந்தால் சொல்லவே மாட்டேன்.

கை சும்மா இருக்கவில்லை, மௌசை உருட்டுகிறது. எப்போதும் அந்த முந்நூறு வரியோடு நிறுத்திவிடுவேன், அதற்குக் கீழே பார்த்ததே இல்லை, சாவு வீட்டைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொள்வது போல. இன்றைக்கு நேரம் இருக்கிறது. பன்னிரண்டு, இருபது, யாரோ எதையோ பார்த்திருக்கிறார்கள், முப்பது. நாற்பத்தாறாவது வரி நிறுத்தம், நாற்பத்தேழு கிளப்பல், அதுதான் சகாயம், நாற்பத்தெட்டு கிளியர். அப்புறம் அவருடைய நாலு மணி நேரம் வரிவரியாக இருக்கிறது. ஓடுகிறதா என்று கேட்கிறார், மறுபடி கேட்கிறார், சான்றிதழைப் பார்க்கிறார், கட்டளையில் எழுத்துப்பிழை விட்டுத் திருத்துகிறார், அவர் எழுத்துப்பிழை விட்டு நான் பார்த்ததில்லை. அறுபத்தொன்றாவது வரி, காத்திருப்பு நேரம் என்று ஹிஸ்டரியில் தேடல். அது நான் தேடினது. அறுபத்திரண்டு கிளியர். மௌஸ் நின்றுவிட்டது. நான் கிளியர் அடிக்கமாட்டேன். கீழே உருட்டினேன், அறுபத்துமூன்று முப்பதாயிரம் என்று திருத்தல், அறுபத்து நாலு நிறுத்தம், அறுபத்தைந்து கிளப்பல், அறுபத்தாறு கிளியர். அறுபத்தேழு டேட். அறுபத்தெட்டு அதே தேடல், மறுபடியும். அதுதான் நான், டேட்டுக்கு அப்புறம் வருவதுதான் நான். மார்ச்சில் தேடினபோது பட்டியலில் இரண்டு தேடல் வந்தது, கை தவறி இரண்டு தடவை தட்டிவிட்டேன் போல என்று நினைத்துக்கொண்டேன், அதையும் நம்பினேன். டேட்டுக்கு முன்னால் ஒரு தேடல். என் செருப்புக்கு முன்னால் இன்னொருவர் உள்ளே போய் வந்திருக்கிறார்.

பார்த்திருக்கிறார். முந்நூறைப் பார்த்திருக்கிறார், அதற்கு மேலே ஒரு டேட், கீழே ஒரு டேட், இந்த உலகத்தில் அதை யார் அடித்தது என்று அவரைத் தவிர வேறு யாருக்கு அத்தனை சட்டென்று தெரியும். பார்த்துவிட்டு கிளியர் அடித்துத் துடைத்துவிட்டு, எப்படி மாறுச்சுன்னு தெரியல என்று சொல்லியிருக்கிறார். நான் சொல்வேன் என்று இருந்திருக்கிறார். நான் ஏறிப் பார்த்து, அரை மணி நேரம் பார்த்து, வேற ஒண்ணும் இல்ல என்று சொன்னபோது கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். சரி என்றார். அந்தச் சரியை நான் மூன்று மாதமாக ஒரு தோற்றுப்போன மனிதரின் சரி என்று வைத்திருந்தேன். காலையில் அவர் தன் கையைச் சந்தேகப்படவில்லை. நீங்கதானே பார்த்தீங்க என்றார். கேள்வி அதுதான், மீதியெல்லாம் மரியாதை. விடுங்க என்றேன் நான், விட்டார். மோர் டம்ளரைத் தொட்டால் அது குளிர்ந்திருக்கிறது, குடிக்கத் தோன்றவில்லை. யாருக்கும் தெரியாது என்கிற ஒன்றின்மேல் ஏறி நின்றுதானே இத்தனை நாளும் பரிதாபப்பட்டேன். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஏன் சொல்லவில்லை, ஒரு வரி சொல்லியிருந்தால் போதுமே, அவர்மேல் கோபம்கூட வருகிறது. ஆளைக் காட்டிக்கொடுப்பது அவருக்கு வராது, அது எனக்குத்தான் வரும், செய்யாத ஆளைக்கூட.

இரண்டு முப்பத்தேழுக்கு நின்றது. கட்டளை வெற்றி. ஆரம்பிக்கலாம் வல்லி என்றார் ஹரி. முதல் கிளை, நாற்பத்தைந்து, அதற்குப் பிறகு மூன்று சுழி, விரலை வைத்து எண்ணினேன், ஒன்று இரண்டு மூன்று, மறுபடி எண்ணினேன், என்டர். வெற்றி. மேலே ஒரு வரி எங்கேயோ விழுந்திருக்கும். இரண்டாவது கிளை, சுழி ஒன்று இரண்டு மூன்று, என்டர். திரை என்னை ஒன்றும் கேட்பதில்லை, முந்நூறு என்றாலும் வெற்றி, நாற்பத்தைந்தாயிரம் என்றாலும் வெற்றி. மூன்றாவது. சகாயம் இப்போது எங்கே உட்கார்ந்திருப்பார், மணியைப் பார்த்துக்கொண்டிருப்பாரா, இரண்டு நாற்பத்தைந்து ஆகியிருக்கும், இந்நேரம் அஞ்சாவது கிளை ஓடும் என்று அவருக்குத் தெரியும், அவர் போட்ட ஷீட். நாலாவது. நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன், என்டர் விழுகிறது. ஐந்தாவது. விரலுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, அது நின்றால்தான் நான் நிற்பேன். ஆறாவது தலைமைக் கிளை, அதே கிளை, அதே வார்த்தைகள், கடைசி எண் மட்டும் வேறு. என்டர். வெற்றி. ஏழு போயிற்று. அடுத்தது கிளப்பல், அதில் டேட் விழும், அதற்கடுத்ததில் நான் விழுந்துவிடுவேன், அப்புறம் சுத்தமாக இருக்கும். கர்சர் விட்டு விட்டு மின்னுகிறது. கட்டளையை அடித்துவிட்டேன், என்டர் மட்டும் பாக்கி. சுண்டுவிரல் அதன்மேல் இருக்கிறது. இரண்டு நாற்பத்தேழு.

"வல்லி, ஸ்டார்ட் கொடுத்தாச்சா" என்றார் ஹரி. அழைப்பு பதிவாகிறது என்று அந்தப் பெண்குரல் சொன்னது ஞாபகம் வந்தது. அது என் கையில் இல்லை. போட்டோ மாதிரி அழிக்க முடியாது. சுண்டுவிரலை எடுத்து மியூட்டை எடுத்தேன். ஒரு நிமிஷம் ஹரி, திரையைக் காட்டுகிறேன், பாருங்க என்றேன். காரில் இருக்கிறேன், பார்க்க முடியாது, ஏதாவது பிரச்சினையா என்றார். மோரை ஒரு வாய் குடித்தேன், அது காதில் விழுந்திருக்கும்.

"அப்ப படிக்கிறேன். வேலைக்கு முன்னாடி எடுத்த ஹிஸ்டரில எட்டாவது வரி, டேட். ஒன்பதாவது வரி, தலைமைக் கிளை, காத்திருப்பு நேரம், முந்நூறு. பத்தாவது வரி, டேட். சகாயத்தோட ரீஸ்டார்ட் நாப்பத்தாறாவது வரிலதான் வருது, ஹரி."

கார் சத்தம் நின்றது, ஓரமாக நிறுத்தியிருப்பார். குழந்தைகளை யாரோ அதட்டினார்கள். டேட் யாருடையது என்று ஹரிக்குத் தெரியும், இருந்தும் கேட்டார், பதிவுக்காகக் கேட்டாரா, நம்பமுடியாமல் கேட்டாரா தெரியவில்லை.

"யார் அடிச்சது?"

"நான். டிக்கெட் இல்லாம அடிச்சேன். நீங்க பார்க்கச் சொன்ன அன்னிக்கே பார்த்தேன். வேற ஒண்ணும் இல்லன்னு சொன்னது பொய்."

ஹரியின் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது, முதலில் சர்வரைக் கிளப்புங்க, ஆஸ்பத்திரி காத்துக்கொண்டிருக்கிறது, திங்கட்கிழமை ஒன்பதரைக்கு ஆபீஸ் வாங்க என்றார். என்டர் தட்டினேன். டேட் விழுந்தது. சர்வர் எழுந்துவர ஒன்றரை நிமிடம் ஆயிற்று. அப்புறம் மெகர்நிஷா மேடம் மியூட்டை எடுத்தார், ரிப்போர்ட் வருகிறது, மூன்று வார்டிலும் பார்த்துவிட்டோம், சரியாக இருக்கிறது என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அன்னிக்கு பதினாலாம் பெட் ரிப்போர்ட்ல நான்தாம்மா கையெழுத்துப் போட்டேன். போய்ச் சேர்ந்துச்சுன்னு நினைச்சேன். அவர் பேரு தணிகாசலம்."

மறுபடி மியூட்டுக்குப் போய்விட்டார். தணிகாசலம். ஒன்பதாவது கட்டளையை அடித்தேன், ஓடுகிறதா என்று கேட்டேன், ஓடுகிறேன் என்றது, முந்நூறு போயிற்று. பழக்கத்தில் டேட் அடித்தேன், இந்த டேட் வந்ததும் அந்தப் பழைய இரண்டாவது டேட்டும் விழுந்திருக்கும். சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு ஐம்பத்திரண்டு என்று காட்டியது. மூன்று பேரும் மியூட்டில் இருந்தோம், யார் முதலில் அழைப்பைத் துண்டிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.